பரணில் இருந்த ஓட்டக்காரிகள்

ஆனந்தவல்லியின் போன் வந்தபோது கிருபாபாய் ஈட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் பி.டி. டீச்சர். மே மாத லீவில் பழைய விளையாட்டுச் சாமான் அறையை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே கிடந்ததையெல்லாம் வேறு அறைக்கு மாற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. துணைக்குத் தமிழ் டீச்சர் மாரிசெல்வி. ஒருத்தி எண்ண, ஒருத்தி எழுத, வேலை நடந்துகொண்டிருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் இதே அறையில்தான் அந்த மரப்பெட்டி அகப்பட்டது. தாண்டிக் குதிக்கப் பழகும், நார் பிதுங்கிய மரக்குதிரைக்குப் பின்னால், சுவரோடு சுவராகக் கிடந்தது. உள்ளே சின்னத் தட்டு அகலத்தில் பதினொரு தகர டப்பாக்கள். ஒன்றின் மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில், சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்தில், ‘பெண்கள் ஓட்டம்’ என்று எழுதியிருந்தது. கிருபாபாய் அதைத் திறந்து சுருளின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கணுக்கால் வரைக்கும் பாவாடை, தலையில் தொப்பி, குறுக்கே ஒரு கயிறு. அந்தக் கயிற்றுக்குப் பின்னால் ஆறு பெண்கள் குனிந்து நின்றார்கள். அடுத்த கட்டத்திலும் அதே ஆறு பேர். அதற்கடுத்ததில் ஒருத்தியின் கால் தரையிலிருந்து எழும்பியிருந்தது.

கிருபாபாய் காலேஜ் நாளில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். மாநிலப் போட்டி வரைக்கும் போயிருக்கிறாள். தலைமையாசிரியை, “ஆக்கர் கடைக்குப் போற பழசுதான டீச்சர், வேணும்னா எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னதும், இரண்டு கட்டைப் பையில் டப்பாக்களை அடுக்கி, ராஜபாளையம் பஸ் ஏறி, வீட்டுப் பரணில் கொண்டுபோய் வைத்தாள். நெட்டில் தேடிப் பார்த்ததில், சென்னையில் பழைய ஃபிலிம்களைப் பாதுகாக்கிற வேலையில் இருக்கும் ஆனந்தவல்லி என்கிற பெண்ணின் நம்பர் கிடைத்தது. சுருளை நாலைந்து போட்டோ எடுத்து அனுப்பினாள். ரெண்டு நாளாகப் பதில் இல்லை. இப்போதுதான் கூப்பிடுகிறாள்.

“மேடம், நீங்க அனுப்புன படத்தை இப்பத்தான் பார்த்தேன். வெளியூர்ல இருந்தேன், மன்னிச்சுக்கோங்க. இது எவ்வளவு பழசுன்னு தெரியுமா உங்களுக்கு? ஓரத்துல சத்தத்துக்கான கோடு இல்ல, துளையெல்லாம் பழைய மாதிரி. கேமரா வந்த புதுசுல எடுத்ததா இருக்கலாம். அப்ப படம் அசையுதுன்னு சனங்களுக்குக் காட்டணும்ல, அதுக்கு ஓடுறவங்க, தாண்டுறவங்க, குத்துச்சண்டை போடுறவங்களத்தான் தேடிப் போய் எடுத்தாங்க. ஒரு சுருள் ஒரு நிமிஷம் ஓடும். ஓட்டப் பந்தயம் அதுக்குள்ள முடிஞ்சிரும்ல.”

“மத்த டப்பாவுலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கு” என்றாள் கிருபாபாய். “கம்பு ஊன்றித் தாண்டுறது, மல்யுத்தம், குண்டு தூக்குறதுன்னு.”

“மேடம், ஒரு நிமிஷம். டப்பாவைத் திறக்கும்போது ஏதாவது வாடை வந்துச்சா?”

“வந்துச்சு. அழுக்கு சாக்ஸ் மாதிரி. ரெண்டு மூணு டப்பாவுல கண்ணு எரிஞ்சுச்சு.”

“காவிப் பொடி மாதிரி எதாவது?”

“ஒண்ணுல இருந்துச்சு. துருன்னு நெனச்சேன்.”

ஆனந்தவல்லியின் குரல் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

“அது துரு இல்ல மேடம். அது நைட்ரேட் ஃபிலிம். வெடிமருந்துக்கு ஒண்ணுவிட்ட சகோதரின்னு வச்சுக்கோங்க. அழுகிப் போன சுருள்னா நாப்பது டிகிரி சூடே போதும், தானாவே பத்திக்கும். பத்திக்கிட்டா தண்ணி ஊத்தினாலும் அணையாது, தண்ணிக்குள்ளேயே எரியும். அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. இப்ப அது எங்க இருக்கு?”

“வீட்டுப் பரண்ல.”

“மேல என்ன கூரை?”

“ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு.”

“வீட்ல யாராவது இருக்காங்களா?”

கிருபாபாயின் கையிலிருந்த ஈட்டி தரையில் விழுந்தது. வீட்டில் தவசிமுத்து இருந்தான். அவள் புருஷன். மில்லில் ஃபிட்டர். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் ரோட்டில் கொட்டிக் கிடந்த ஆயிலில் பைக் வழுக்கி, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டிப் படுத்திருக்கிறான். அவன் படுத்திருக்கிற கட்டிலுக்கு நேர் மேலேதான் பரண். வீடு இருப்பது மாடியில். கீழே முழுக்கப் பேண்டேஜ் துணி குடோன். ஆள் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று பஞ்சுத் துணி மூட்டைகள்.

அவள் தவசிமுத்துவுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டாள். சுவிட்ச் ஆஃப். அவன் போனை ஒருநாளும் அணைத்ததில்லை.

“என்ன டீச்சர், மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?” என்று மாரிசெல்வி நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். கிருபாபாய் கைப்பையைக்கூட எடுக்காமல், போனை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். மாரிசெல்விதான் பின்னால் ஓடிவந்து பையைக் கையில் திணித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி, படியருகிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி கையைச் சுட்டது. கம்பி இந்தச் சூடு என்றால் ஷீட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. நேற்று மத்தியானம் தவசிமுத்து, “அடுப்புக்குள்ள படுத்திருக்க மாதிரி இருக்கு” என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் அதற்கு ஈரத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“எங்கம்மா தீ?” என்றார் எடுத்தவர்.

“இன்னும் பிடிக்கல சார். பிடிக்கப் போகுது.”

பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருபாபாய் நூறு வருஷத்து ஃபிலிம், நைட்ரேட், பரண், குடோன் என்று முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னாள். தான் சொல்வது பைத்தியக்காரி பேச்சு மாதிரி அவளுக்கே கேட்டது. ஆனால் அந்த மனுஷர் சிரிக்கவில்லை. குடோன் என்றதும் விலாசத்தை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். “ஒரு வண்டி மம்சாபுரம் பக்கம் கரும்புத் தோட்டத்துல நிக்கி. இன்னொண்ணை அனுப்புதேன். நீங்க மொதல்ல ஆளுகளை வெளியேத்துங்க” என்றார்.

ஆளை வெளியேற்றத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். குடோன் சூப்பர்வைசர் குருசாமியின் நம்பர் அவளிடம் இல்லை. அது தவசிமுத்து போனில் இருந்தது. அக்கம்பக்கம் எல்லாம் குடோனும் தறிக்கூடமும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது.

ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. ராஜபாளையம் இருந்த திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கேயோ ஒரு மில் புகைபோக்கியைப் பார்த்து, வீடுதான் எரிகிறது என்று நினைத்துவிட்டாள். ‘அந்த ஆறு பேரும் எரிஞ்சு போயிருவாளுகளே’ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய மறு நொடியே அவளுக்கு உடம்பு கூசியது. கால் முறிந்து கிடக்கிற புருஷனுக்கு முன்னால் அந்தத் தொப்பி போட்ட பெண்கள் எப்படி மனசில் வந்தார்கள்? கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, “கர்த்தாவே, அவரக் காப்பாத்து, அவர மட்டும் காப்பாத்து” என்று முனகினாள்.

பஞ்சு மார்க்கெட்டுக்கு முன்னால் பஸ் நின்றுபோனது. மில் மிஷின் ஏற்றிய நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டின் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, “செத்த நேரம் ஆகும்” என்றார்.

கிருபாபாய் இறங்கினாள். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆட்டோ எல்லாம் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். செருப்பைக் கழற்றி ரோட்டோரம் விட்டாள். ஓடத் தொடங்கினாள்.

அவளுக்கு நாற்பத்திநாலு வயது. ஓடச் சொல்லி விசில் ஊதுகிறவள்தான், ஓடி வருஷக்கணக்கு ஆயிற்று. தார் ரோடு பாதத்தைப் பொசுக்கியது. முதல் இருநூறு மீட்டரிலேயே விலாவில் குத்து எடுத்தது. பிள்ளைகளிடம் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டாள்: தோளைத் தளர விடு, கையைப் பின்னால இழு, வாயால மூச்சு விடு. பயம் அதையெல்லாம் கேட்கவில்லை. தோள் காது வரைக்கும் ஏறி இறுகிக்கொண்டது. டீக்கடையில் நின்றவர்கள் என்னவோ கேட்டார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து நின்றுவிட்டது. தெருமுனை திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது குடோன் இருந்த இடத்தில் குடோன் இருந்தது. புகை இல்லை.

வாசலில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த குருசாமி பதறி எழுந்தார். “என்ன டீச்சர், எதுக்கு இப்பிடி ஓடி வாறீக?”

“அவிய எங்க?”

“மேலதான். ஏதோ டப்பா வேணும்னாரு, நாந்தான் மத்தியானம் பரண்ல இருந்து எடுத்துக் குடுத்து, ஜன்னலையும் சாத்திப் போர்வையத் தொங்க விட்டேன்.”

பதினேழு படி. வெளிப்பக்கமாக ஏறும் ஒடுங்கின சிமெண்டுப் படி. எப்படி ஏறினாள் என்று அவளுக்கு அப்புறம் ஞாபகமே இல்லை.

கதவைத் தள்ளியபோது அறை இருட்டாக இருந்தது. ஜன்னல் சாத்தி, மேலே போர்வையும் தொங்கியது. ஃபேன் ஓடவில்லை. இருட்டுக்கு நடுவில் ஒரு குண்டு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பல்புக்கு முன்னால் டிபன் பாக்ஸின் வெள்ளை பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் ஃபிலிம். தவசிமுத்து கட்டிலில் சாய்ந்து, கம்பி போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு, ஃபிலிமை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தான். எதிரே புத்தகங்களை அடுக்கி அதன்மேல் அவன் போன். படம் எடுத்து முடித்த ஃபிலிம் கட்டில் முழுக்க, அவன் மடி முழுக்க, சுருள் சுருளாகக் கிடந்தது.

“ஏட்டி, நாலு மணிக்குல்லா வருவே?” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. “கெடுத்துட்டியே. ஒனக்குக் காட்டணும்னு ஒண்ணொண்ணாப் போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன். போன் வந்தா ஆடிரும்னு ஃபிளைட் மோடுல போட்டேன். எல்லாத்தையும் சேத்து ஓட விட்டா அவளுக ஓடுவாளுகட்டி. ஃபேன் போட்டாப் பறக்குதுன்னு…”

அவள் சுவரோரமாகப் போய் பல்பின் வயரை அப்படியே பிளக்கோடு பிடுங்கினாள்.

“ஏன்ட்டி!”

“அசையாதீங்க.”

“என்னன்னு சொல்லு.”

“அது தீப்பிடிக்கும். அம்புட்டும் பிடிக்கும். மொதல்ல கீழ போவோம்.”

தவசிமுத்து சிரிக்கப் போனான். கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. “அப்பவே ஒரு எடத்துல லேசாச் சுருங்கி காவிக் கலராச்சு” என்றான் மெதுவாக. “பல்புச் சூடுன்னு தள்ளி வச்சேன்.”

கிருபாபாய் அவன் மடியிலும் கட்டிலிலும் கிடந்த ஃபிலிமை எடுத்து, மூலையிலிருந்த அலுமினிய அண்டாவில் மெல்ல இறக்கினாள். முறுக்கின சுருள் ஒவ்வொன்றும் உரசிக்கொண்டு கிசுகிசுத்தது. ஒவ்வொரு கிசுகிசுப்புக்கும் அவள் கை நின்று நின்று போனது. கடைசிச் சுருள் இறங்கியதும் வாசலுக்குப் போய், “அண்ணாச்சி, மேல வாங்க! அவியளக் கீழ எறக்கணும்” என்று கத்தினாள்.

குருசாமி கீழிருந்து தாங்க, அவள் மேலிருந்து அக்குளில் கை கொடுக்க, தவசிமுத்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினான். காலிலிருந்த கம்பி ஒருதரம் சுவரில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். அவ்வளவுக்கும் போனை மட்டும் சட்டைப்பைக்குள் பத்திரமாகப் போட்டிருந்தான். தெருவைத் தாண்டி, மூடிக் கிடந்த தறிக்கூடத்து வாசலில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அப்போது ஆனந்தவல்லி மறுபடி கூப்பிட்டாள். கிருபாபாய் ஸ்பீக்கரில் போட்டு, புருஷனைக் கீழே இறக்கிவிட்டதைச் சொன்னாள்.

“உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாரா? நல்லது. இனி நீங்க மேல போக வேணாம் மேடம். ஃபயர் சர்வீஸ் வரட்டும்.”

“எப்ப வரும்னு தெரியல. ரோட்டுல லாரி மாட்டிக்கிட்டு நிக்குது. கீழ முழுக்கத் துணி. அந்தப் பக்கத்துக் குடோன்ல பொம்பளையாளுக வேலை பாத்துக்கிட்டிருக்காக.”

குருசாமி அதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். “தேவுடா! நூத்திப் பதினஞ்சு மூட்டை!” என்றவர் அடுத்த நிமிஷமே பக்கத்துக் குடோனைப் பார்த்து ஓடினார். அங்கிருந்த பெண்களை வெளியேறச் சொல்லி அவர் கத்துவது கேட்டது.

“போறதா இருந்தா நான் சொல்றபடி செய்யுங்க” என்றாள் ஆனந்தவல்லி. “ஒரு தடவைக்கு ஒரு டப்பா. திறக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, கீழ போடக் கூடாது. நிழல்ல, ஒண்ணுக்கொண்ணு தூரமா வையுங்க. முக்கியமா, ஓடாதீங்க. நடங்க.”

“ஏட்டி, போவாத” என்றான் தவசிமுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. “கிருபா! எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது!”

அவள் ஏறினாள். முதலில் அண்டா. குடோனை ஒட்டி ஒரு காலி மனை, அதில் இரண்டு வேப்பமரம். அதன் நிழலில் அண்டாவை வைத்தாள். அடுத்து, கட்டிலில் திறந்து கிடந்த ‘பெண்கள் ஓட்டம்’ டப்பாவை மூடிக் கொண்டுவந்து வைத்தாள், அது முதல் டப்பா. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணுக்குள் கையை விட்டாள். ஷீட்டிலிருந்து இறங்கிய அனல் முகத்தில் அறைந்தது. அழுக்கு சாக்ஸ் வாடை இப்போது அறை முழுக்க நின்றது.

இரண்டு. படி இறங்கி, நடந்து, வைத்து, திரும்பி. மூன்று. ஒவ்வொரு நடைக்கும் பதினேழு படி. காலும் மனசும் ‘ஓடு ஓடு’ என்று துடித்தன. டப்பாவை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, நிறைகுடம் சுமக்கிறவள் மாதிரி அளந்து அளந்து வைத்தாள். பொசுங்கிய பாதம் ஒவ்வொரு படியிலும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. நான்காவது நடையில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஐந்தாவது. ஆறாவது. தவசிமுத்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாவது டப்பா பரணின் மூலையில், ஷீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் வெதுவெதுப்பு. இது சூடு. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி உள்ளேயிருந்து வருகிற சூடு. மூடி நடுவில் உப்பியிருந்தது. காகிதம் உரிந்துபோய் என்ன எழுதியிருந்தது என்றே தெரியவில்லை. விளிம்பில் காவிப் பொடி கசிந்திருந்தது.

ஸ்டூல் மேலேயே நின்றாள். இதை இங்கேயே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிடலாம். யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். இதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு டப்பா இருந்தது. கீழே மூட்டை. பக்கத்துக் குடோனிலிருந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தெரியவில்லை.

சேலைத் தலைப்பை மடித்துப் பிடித்து டப்பாவை எடுத்தாள்.

ஐந்தாவது படியில் அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ‘ஸ்ஸ்’ என்று, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அது மாதிரி. மூடி ஓரத்தில் மஞ்சளாக ஒரு நூல் புகை கிளம்பியது. கிருபாபாய் மூச்சை அடக்கினாள். தண்ணீருக்குள் முங்கியவள் மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒன்பது. பத்து. இந்த இடத்தில் போட்டுவிட்டால் படிக்குக் கீழே குடோன் கதவு. பதிமூன்று. தலைப்பைத் தாண்டிச் சூடு விரலைக் கடித்தது. பதினேழு. மற்ற டப்பாக்கள் இருந்த மரத்தடிக்குப் போகவில்லை. மனையின் மறு ஓரம், வெறும் மண் தரை, அங்கே போய்க் குனிந்து வைத்தாள். வைத்தாள், போடவில்லை. அதற்கப்புறம்தான் திரும்பி ஓடினாள்.

இருபது அடி போயிருப்பாள். முதுகுப் பக்கம் பளீரென்று வெளிச்சம் அடித்தது. பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை, துணியைக் கிழிப்பது போல ஒரு நீளச் சத்தம். மூடி தெறித்து விழ, ஆள் உயரத்துக்கு வெள்ளையும் மஞ்சளுமாகத் தீ எழும்பியது. செம்மஞ்சள் நிறத்தில் புகை கட்டிகட்டியாகப் புரண்டது. குருசாமி எங்கிருந்தோ வாளித் தண்ணீரோடு ஓடிவந்து வீசினார். தண்ணீர் விழுந்த இடத்திலும் தீ அப்படியே எரிந்தது, தண்ணீர் என்று ஒன்று விழவே இல்லாத மாதிரி. அவர் வாளியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

“எல்லாரும் காத்துக்கு எதிர்ப்பக்கம் போங்க! பொகைய இழுக்காதீக!” என்று ஒரு குரல் கேட்டது. தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. முகமூடி போட்ட மூன்று பேர் ஓடிவந்தார்கள். அந்தத் தீயை அவர்கள் தொடவில்லை. சுற்றியிருந்த சருகை ஒதுக்கி, மண்ணை நனைத்து, அது தானாக எரிந்து முடியக் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டப்பா இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டமும் வளைந்த தகரமும் மட்டும் மிஞ்சின. மீதி நாலு டப்பாவையும் அவர்களே பரணிலிருந்து இறக்கினார்கள். வண்டியோடு வந்த அதிகாரி கறுப்பு வட்டத்தையும் குடோனையும் மாறி மாறிப் பார்த்தார். “இது உள்ள வச்சுப் பத்தியிருந்தா, நாங்க வந்து சாம்பலத்தாம்மா அள்ளியிருப்போம்” என்றார்.

கிருபாபாய் தவசிமுத்துவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இடது முன்கையில் தோல் சிவந்து, ரோமம் எல்லாம் பொசுங்கியிருந்தது. அவன் அந்தக் கையைப் பிடிக்க வந்தான். அந்த வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது.

மறுநாளும் குளிர்ந்தது. கேஸ் லைட்டரைச் சொடுக்கக் கை வரவில்லை. குருசாமி வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. அரை மணிக்கொரு தரம் பரணுக்குக் கீழே போய் நின்று மோந்து பார்த்தாள். தவசிமுத்து, “எம்மேலதான்ட்டி தப்பு, ஒன்னக் கேக்காமத் திறந்தேன்” என்றான். “கொண்டாந்து ஒங்க தலைக்கு மேல வச்சது நான்லா” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஆனந்தவல்லி வேனில் வந்தாள். கிருபாபாய் நினைத்ததைவிடச் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. டப்பாக்கள் தீயணைப்பு நிலையத்து ஷெட்டில், மணலுக்கு நடுவில் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன. அவள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, ஐஸ் வைத்த பெட்டிகளில் அடுக்கினாள். கிருபாபாய் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்த ஆனந்தவல்லி சொன்னாள்: “பத்துல ஆறு கருப்பட்டி மாதிரி கட்டியாயிருச்சு மேடம். நாலைப் பிரிச்சிரலாம்னு நம்பிக்கை இருக்கு. மல்யுத்தம் நல்லாவே இருக்கு. பெண்கள் ஓட்டத்துல அண்டாவுல இருந்த பாகம் சரி. டப்பாக்குள்ள இருக்கற மீதி ஒட்டிப் போச்சு.”

“எரிஞ்சதுல என்ன இருந்துச்சு?”

“அதை இனி யாரும் சொல்ல முடியாது.”

“இது எப்பிடி எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு?”

“அந்தக் காலத்துல ஊர் ஊரா மிஷின் கொண்டு போய்ப் படம் காட்டுனவங்க யாராவது விட்டுட்டுப் போயிருக்கலாம். இல்ல, டிரில் சொல்லிக் குடுக்க யாராவது வாங்கி வச்சிருக்கலாம். யூகம்தான்.”

அவள் நீட்டிய காகிதத்தில் கிருபாபாய் கையெழுத்துப் போட்டாள். வேன் மதுரை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். மறைந்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. முழுசாக இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தவசிமுத்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாலு நாளாக அவள் அதைப் பார்க்க மறுத்திருந்தாள். “நூத்தி எழுவத்தி மூணு போட்டோ” என்றான். “பத்துப் பதினோரு செகண்டுதான் ஓடும். வேண்டாம்னா அழிச்சிருதேன்.”

“காட்டுங்க” என்றாள்.

கயிறு விழுந்தது. ஆறு பெண்களும் துள்ளித் துள்ளி ஓடினார்கள். அவன் எடுத்த வேகத்தில் கொஞ்சம் தடுமாறித்தான் ஓடினார்கள். ஒருத்தி பாவாடையை இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்திருந்தாள். ஒருத்தியின் தொப்பி பறந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு பையன் கையைத் தட்டினான். மூன்றாவதாக வந்தவள் இடையில் புகுந்து முன்னேறினாள், கை சரியாக இருந்தது, தோள் இறுகாமல் இருந்தது. அவள் காமிராவைப் பார்த்து நேராக வந்தாள். பெரிசாகிக்கொண்டே வந்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தபோது அப்படியே நின்றுபோனது. பல்பின் சூட்டில் சுருங்கின கட்டம் அதுதான். அவள் கன்னத்தில் காவியாக ஒரு பொத்தல் விழுந்திருந்தது.

கிருபாபாய் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“யாருட்டி ஜெயிச்சா?” என்றான் அவன்.

“கோடு இதுல வரல.”

அவன் மறுபடி ஓடவிடப் போனான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இருங்க. செத்த பொறுத்துப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள்.